பதினேழாம் கேள்விக்குச் சரியான விடை

பதினெட்டு வருஷம் மற்றவர்கள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தவளுக்கு, ஒருநாள் தானே எதையாவது சொல்ல வேண்டும் என்று தோன்றிவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வேலை செய்த இடத்தில் பெரிய வக்கீல் அவளைவிட இருபது வயது மூத்தவர். அவரும் "அக்கா, அந்த மனுவை எடுங்க" என்பார். பெரிய வக்கீல் சொல்லும் வாக்கியத்தில் எழுவாய் ஒரு மூலையில் நிற்கும், பயனிலை இன்னொரு மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். இரண்டையும் சமாதானம் செய்து சேர்த்து வைப்பது அக்காவின் வேலை. மனுவைப் படித்துவிட்டு நீதிபதி பாராட்டுவார். பெரிய வக்கீல் தலையை ஆட்டி வாங்கிக்கொள்வார். இப்படியே போய்க்கொண்டிருந்தபோது, முப்பத்தேழாம் வயதில் அக்கா மாலைக் கல்லூரியில் சட்டம் படிக்கச் சேர்ந்தாள். நாலு வருஷத்தில் எல்லாப் பாடமும் தேறினாள். வக்கீல் உரிமம் வாங்க இன்னும் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அதன் பெயர் நெறிமுறைத் தேர்வு. வக்கீலாகப் போகிறவர் யோக்கியமானவர்தானா என்று நூறு கேள்வி கேட்டுப் பார்ப்பார்கள். நெறிமுறைக் குழு என்று ஒன்று அதை நடத்தியது.

அவசரம் ஒன்றும் இல்லாமல்தான் இருந்தாள். தங்கச்சியின் கை அவசரத்தைக் கொண்டுவந்தது.

இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கச்சிக்கு அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வெட்டு இயந்திரத்தில் வேலை. கத்திக்கு முன்னால் ஒரு இரும்புத் தடுப்பு இருக்கும். தடுப்பு இருந்தால் மணிக்கு நானூறு அட்டை, இல்லாவிட்டால் எழுநூறு. மேனேஜர் கணக்குப் பார்த்துத் தடுப்பைக் கழற்றச் சொல்லிக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். மூன்றாம் வாரம் தங்கச்சியின் வலது கையில் இரண்டு விரல் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று தபாலில் கடிதம் வந்தது: சொந்தக் கவனக்குறைவால் கம்பெனி இயந்திரத்தை அசுத்தப்படுத்திய காரணத்துக்காக வேலைநீக்கம்.

"எனக்கு என் வேலை வேணும். அந்தத் தடுப்பை மறுபடி மாட்டணும். இது ரெண்டும் போதும்," என்றாள் தங்கச்சி. அவள் அழவில்லை. அக்கா அன்று இரவே மனு அடிக்க உட்கார்ந்தாள்.

தொழிலாளர் தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தாயிற்று. நாலு மாதம் கழித்து இருபத்தி மூன்றாம் தேதி விசாரணை. ஆஜராகத்தான் வக்கீல் கிடைக்கவில்லை. முதல் வக்கீலுக்கு முதுகுவலி. இரண்டாமவருக்கு வீட்டில் விசேஷம். மூன்றாமவர் பெரிய வக்கீலே.

"அக்கா, நீங்க என் கூடப் பொறந்தவங்க மாதிரி. ஆனா அந்தக் கம்பெனிக்கு யார் ஆஜராகிறார்னு பாத்தீங்களா? நெறிமுறைக் குழுத் துணைத்தலைவர். அவரை எதிர்த்து நின்னா, நாளைக்கு என் நெறிமுறையை யாராவது எடுத்துப் பார்ப்பாங்க." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "பார்க்கிற மாதிரி இல்லை, அது."

சரி, நாமே நிற்போம் என்று அக்கா முடிவு செய்தாள்.

நெறிமுறைக் குழு அலுவலகத்தில் மூன்று ஜன்னல். இரண்டு எப்போதும் மூடியிருக்கும். திறந்திருந்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா, மெலிந்த மனிதர், சட்டைப்பையில் நாலு பேனா. அக்காவின் விண்ணப்பத்தை வாங்கி இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"நன்னடத்தைச் சான்று தப்பு. பெரிய வக்கீல் கையெழுத்து போட்டிருக்காரே, அவர் உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"பதினெட்டு வருஷமாத் தெரியும்ங்க."

"அதான் தப்பு. தெரிஞ்சவங்க எழுதினா அது சிபாரிசு. முன்பின் தெரியாதவங்க எழுதினாத்தான் சான்று. உங்களை வாழ்க்கையில பார்த்தே இராத ரெண்டு வக்கீல்கிட்ட, 'இவர் நல்லவர்னு எனக்குத் தெரியும்'னு வாங்கிட்டு வாங்க."

"பார்க்காம எப்படிங்க தெரியும்?"

குமாஸ்தா பேனாவை மூடினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "வெளியே படிக்கட்டுல ரெண்டு பேர் நிப்பாங்க. கோட்டு போட்டிருப்பாங்க. அவங்க யாரையும் பார்க்க மாட்டாங்க. தலையைக் குனிஞ்சுக்கிட்டே கையெழுத்து போடுவாங்க."

அப்படியே நடந்தது. படிக்கட்டில் நின்ற இருவரும் அவள் முகத்தைப் பார்த்துவிடாமல் இருக்க மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் கண்ணையே மூடிக்கொண்டார். சான்றில் எழுதியிருந்தது: 'இவரை நான் நெருக்கமாக அறிவேன்.'

அடுத்தது பயிற்சி வகுப்பு. பன்னிரண்டு நாள், கட்டாயம். குழுவின் செயலாளருக்கு ஒரு மைத்துனர் இருந்தார், மைத்துனருக்கு ஒரு மாடி இருந்தது, மாடியில் நாற்பது நாற்காலி இருந்தது. ஆகவே வகுப்பு அங்கே நாற்பது நாற்பது பேராக நடந்தது. பயிற்சியாளர் மைத்துனரேதான். சுண்ணாம்புக் கட்டியைக் காதில் செருகிக்கொண்டு பேசுவார்.

"ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விடை. ஒண்ணு அயோக்கியத்தனம், அதை விடுங்க. ஒண்ணு சோம்பேறித்தனம், அதையும் விடுங்க. மீதி ரெண்டு. ஒண்ணு நேர்மை, இன்னொண்ணு விதி. இந்த இடத்துலதான் நல்ல பிள்ளைங்க எல்லாம் வழுக்கி விழுறாங்க. நேர்மையைத் தொட்டுராதீங்க! அது பொறி. மனசுக்கு எது சரின்னு படுதோ, அதைக் கோடு போட்டு அடிச்சிட்டு, பக்கத்துல இருக்கிறதைக் குறிங்க."

அக்கா கை தூக்கினாள். "மனசுக்குப் பட்டதே விதியாவும் இருந்தா என்ன சார் பண்றது?"

அவர் வகுப்பைப் பார்த்துச் சிரித்தார். முப்பத்தொன்பது பேரும் சிரித்தார்கள். எல்லோரும் இருபத்துச் சொச்சம் வயதுக்காரர்கள். "அந்த மாதிரிக் கேள்வி இதுவரைக்கும் வந்ததில்லை அக்கா."

பன்னிரண்டு நாளும் அவள் ஒருத்திதான் குறிப்பு எடுத்தாள். மற்றவர்கள் சாவகாசமாக இருந்தார்கள். அந்தச் சாவகாசத்தின் ரகசியம் தேர்வன்றுதான் புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை. நானூற்றுச் சொச்சம் பேர் உட்காரக்கூடிய பெரிய கூடம். சுவரில் 'மனசாட்சியே உன் மேற்பார்வையாளர்' என்று எழுதியிருந்தது. அது போதாது என்றோ என்னவோ, சம்பளத்துக்கும் ஒரு மேற்பார்வையாளரை வைத்திருந்தார்கள். பருத்த மனிதர், கழுத்தில் விசில். மணி அடித்ததும் அக்கா குனிந்து எழுத ஆரம்பித்தாள். அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால், கூடம் முழுக்க ஒருவரும் எழுதவில்லை. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தன் நகம் வெட்டிக்கொண்டிருந்தான். பக்கத்திலிருந்த பெண் அக்காவைப் பரிதாபமாகப் பார்த்து, "ஏன் அக்கா கையை வலிக்க வச்சுக்கிறீங்க?" என்றாள்.

இரண்டரை மணி நேரம் கழிந்தது. மேற்பார்வையாளர் கதவைச் சாத்தினார். விசிலை ஒருதரம் மெல்ல ஊதிவிட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. ஒருதரம்தான் படிப்பேன். ஒண்ணு, ஆ. ரெண்டு, ஈ. மூணு, ஆ..."

நானூறு பேனா ஒரே நேரத்தில் குனிந்தது. அவ்வளவு ஒழுங்கை அக்கா எந்த நீதிமன்றத்திலும் பார்த்ததில்லை. அவர் பதினேழுக்கு வந்தார். "பதினேழு, இ."

அக்கா தன் தாளைப் பார்த்தாள். பதினேழாம் கேள்வி இதுதான்: 'உங்கள் கண்ணெதிரே ஒரு முறைகேடு நடக்கிறது. நீங்கள் (அ) அதில் பங்கேற்பீர்கள். (ஆ) காணாததுபோல் இருப்பீர்கள். (இ) உரிய அலுவலருக்கு உடனடியாக எழுத்து மூலம் தெரிவிப்பீர்கள். (ஈ) நண்பர்களிடம் பேசிக் கலைவீர்கள்.' அவளும் 'இ' என்றுதான் குறித்திருந்தாள். நானூறு பேரும் இப்போது 'இ' என்று குறித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் எழுந்து நின்றாள். "சார், ஒரு வெள்ளைத்தாள் வேணும்."

"எதுக்கும்மா?"

"பதினேழாவதுக்கு."

"அதுக்கு ஒரு எழுத்து போதும்மா. கட்டுரை எல்லாம் வேண்டாம்."

"இல்லைங்க, எழுத்து மூலம் தெரிவிக்கணும். நீங்க விடை படிச்சதைத்தான்."

கூடத்தில் யாரோ பேனாவைக் கீழே போட்டார்கள். மேற்பார்வையாளர் முகத்தில் முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு அவர் கேள்வித்தாளை வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாக, பதினேழாம் கேள்வியைப் படித்துப் பார்த்தார். படித்து முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அக்கா புகாரை ஆறு வரியில் எழுதினாள். தேதி, நேரம், இடம், என்ன நடந்தது, யார் செய்தது, கையெழுத்து. பழக்க தோஷம், ஒரு பிழை இல்லை. மறுநாளே ஜன்னலில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினாள். குமாஸ்தா புகாரை இரண்டு தரம் படித்தார். "இது நிஜமாவே புகாரா, இல்லை தேர்வுத்தாளோட ஒரு பகுதியா?" என்று கேட்டார். நிஜம்தான் என்று தெரிந்ததும், இதற்குக் கோப்பு கிடையாதே என்று கவலைப்பட்டார்.

முடிவு வந்தது. நானூற்றுச் சொச்சம் பேரில் ஒருத்தியைத் தவிர எல்லோரும் யோக்கியர்கள். அந்த ஒருத்தியின் முடிவு நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. விசாரணைக்கு வரும்படி அழைப்பு. தேதி பன்னிரண்டு. தங்கச்சியின் வழக்குக்குப் பதினோரு நாள் இருந்தது.

விசாரணை அறையில் நீள மேசை. நடுவில் தலைவர், வெள்ளை மீசைக்காரர். வலப்பக்கம் துணைத்தலைவர், அதாவது அட்டைப்பெட்டிக் கம்பெனியின் வக்கீல். இடப்பக்கம் செயலாளர், மாடி வைத்திருந்தவரின் மச்சான். மூவருக்கும் முன்னால் பிஸ்கட் தட்டு. அக்காவுக்கு முன்னால் குற்றப்பத்திரிகை.

செயலாளர் வாசித்தார். "குற்றம்: ஒரே கேள்விக்கு இரண்டு விடை அளித்தது. பதினேழாம் கேள்விக்குத் தேர்வுத்தாளில் 'இ' என்று குறித்துள்ளார். பின்னர் அதே கேள்விக்குச் செயல் மூலமாகவும் 'இ' என்று விடையளித்துள்ளார். விதிப்படி ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் அனுமதி."

"அது விடை இல்லைங்க, புகார்," என்றாள் அக்கா.

"கேள்வியிலே என்ன இருக்கு? 'தெரிவிப்பீர்கள்'னு இருக்கு. 'தெரிவிக்கவும்'னு இருக்கா? இலக்கணம் தெரிஞ்சவங்கதானே நீங்க?"

துணைத்தலைவர் ஒரு பிஸ்கட்டை இரண்டாக உடைத்தார். மென்மையான குரல் அவருக்கு. "பாருங்கம்மா, இந்தத் தேர்வு உங்களுக்குச் சரி எது, தப்பு எது தெரியுமான்னு சோதிக்குது. தெரிஞ்சா போதும். தெரிஞ்சதை எல்லாம் செய்ய ஆரம்பிச்சா தொழில் என்ன ஆகும்? நான் முப்பது வருஷமா வக்கீல். எனக்கு எல்லாச் சரியும் தெரியும். ஒரு நாளாவது அதை வச்சு யாரையாவது தொந்தரவு பண்ணியிருக்கேனா?"

"பண்ணினதில்லை," என்று செயலாளர் சாட்சி சொன்னார்.

தலைவர் தொண்டையைச் செருமினார். வயதானவர்களுக்கே உரிய கனிவோடு ஆரம்பித்தார். "மகளே, நேர்மைங்கறது நம்ம கறுப்பு அங்கி மாதிரி. கோர்ட்டுக்குள்ள போறப்போ போட்டுக்கணும். வெளியே வந்தா மடிச்சு அலமாரியில வைக்கணும். குளிக்கறப்பவும் போட்டுக்கிட்டே இருந்தா அது நேர்மை இல்லை, தோல் வியாதி. விடை படிக்கறது தப்புதான். நாங்க மறுக்கலை. ஆனா ஏன் படிக்கறோம்? படிக்காட்டிப் பாதிப்பேர் தேற மாட்டாங்க. பாதி வக்கீல்கள் அயோக்கியர்கள்னு வெளியே தெரிஞ்சா ஜனங்களுக்கு நீதியில நம்பிக்கை போயிடாதா? அந்த நம்பிக்கையைக் காப்பாத்தத்தான் மனசைக் கல்லாக்கிக்கிட்டு வருஷா வருஷம் படிக்கறோம்." அவர் கண் கலங்கியது. உண்மையிலேயே கலங்கியது.

துணைத்தலைவர் ஒரு காகிதத்தை மேசைமேல் நகர்த்தினார். அதில் ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தது: 'தேர்வு நாளன்று என் செவிகள் சரியாகக் கேட்கவில்லை. ஆகவே புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.' கூடவே ஒரு டாக்டர் சான்றிதழ், அவள் பார்த்தே இராத டாக்டர், இரண்டு காதிலும் அடைப்பு என்று எழுதியிருந்தார்.

"கையெழுத்து போட்டீங்கன்னா உரிமம் இப்பவே கைக்கு வந்துரும். அடிச்சு வச்சிருக்கு. இருபத்தி மூணாம் தேதி உங்களுக்கு ஏதோ வழக்கு இருக்காமே?" என்று அவர் சாதாரணமாகக் கேட்டார். பேனாவின் மூடியைக் கழற்றியும் கொடுத்தார்.

அக்கா பேனாவை வாங்கினாள். வாங்கவில்லை என்று சொன்னால் அது பொய். தங்கச்சி இடது கையால் தலை வாரப் பழகிக்கொண்டிருந்தது கண்முன்னே வந்தது. ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். யாருக்கும் நஷ்டமில்லை. இந்த அறையில் இருக்கும் எல்லோரும் இதைவிடப் பெரிய கையெழுத்தெல்லாம் போட்டவர்கள். பேனா முள் காகிதத்தில் பட்டு ஒரு புள்ளிகூட விழுந்துவிட்டது.

பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் காது நல்லாக் கேக்குதுங்க. பதினெட்டு வருஷமா இந்தக் காதை வச்சுத்தான் சாப்பிட்டேன். இது கேக்கலைன்னு எழுதிக்குடுத்தா, நான் அடிச்ச மனு எல்லாம் என்ன ஆகும்?"

செயலாளர் பதிவேட்டில் எழுதிக்கொண்டார்: 'விண்ணப்பதாரருக்கு நெறிமுறைச் சமநிலை போதாது. உரிமம் மறுக்கப்படுகிறது.'

வீட்டில் தங்கச்சி கேட்டுக்கொண்டே இருந்தாள். முழுதும் கேட்டு முடித்துவிட்டுப் பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். "காது கேக்கலைன்னு எழுதிக்குடுத்தா உன் காது அறுந்தா போயிடும்? என் விரலே போயிடுச்சு, நான் இருக்கேன்ல?" இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள், தீர்ப்பாய விதிப்புத்தகத்தை எத்தனையாவது தடவையோ புரட்டிக்கொண்டிருந்த அக்கா, யாரும் சீண்டாத பின்பகுதியில் ஒரு விதியைப் பார்த்தாள். 'காயமடைந்த தொழிலாளிக்காக, வக்கீல் அல்லாத நெருங்கிய உறவினர் ஒருவர் பேசலாம்.'

"ஏய்," என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினாள். "நான் உனக்கு நெருங்கிய உறவுதானே?"

"இப்போதைக்கு இல்லை," என்று பதில் வந்தது. ஆனால் காபி வந்தது.

இருபத்தி மூன்றாம் தேதி. தீர்ப்பாயம் சின்ன அறை, விசிறி ஒன்று டக் டக்கென்று சுற்றியது. அதிகாரி ஐம்பது வயதுப் பெண்மணி. மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத்தான் எல்லோரையும் பார்ப்பார். அக்கா எழுந்து, விதியைச் சொன்னாள்.

"நீங்க வக்கீலா?"

"இல்லைங்க. ஆக விடமாட்டேங்கறாங்க."

"சொந்த அக்காவா?"

"கூடப் பொறந்தவ, அம்மா," என்றாள் தங்கச்சி. "அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

துணைத்தலைவர் எழுந்தார். "கடுமையாக ஆட்சேபிக்கிறேன். இந்த அம்மாள் நெறிமுறைக் குழுவால் தகுதியற்றவர் என்று மறுக்கப்பட்டவர். உறவினராக நிற்பதற்கும் ஒரு குறைந்தபட்ச யோக்கியதை வேண்டும்."

"அப்படி என்ன பண்ணிட்டாங்க?"

"தேர்வு அறையில் விடைகள் வாசிக்கப்பட்டதாக எழுத்து மூலம் புகார் கொடுத்தார்."

"வாசிக்கலையா?"

"வாசித்தார்கள். அது வழக்கம்தான். பிரச்சினை அது அல்ல. திரும்பப் பெறச் சொல்லி, உரிமம் தருகிறோம் என்று மரியாதையாகக் கேட்டோம். டாக்டர் சான்றிதழ்கூட நாங்களே தயாரித்துக் கொடுத்தோம். அதற்கும் மறுத்துவிட்டார். இவ்வளவு பிடிவாதமானவர் சொல்வதை எப்படி நம்புவது?"

தான் பேசியது தன் காதில் விழ அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. அதிகாரி தட்டச்சு செய்பவரிடம் திரும்பினார். "அவர் சொன்னதை அப்படியே அடிங்க. 'தயாரித்துக் கொடுத்தோம்' வரைக்கும்." பிறகு அக்காவைப் பார்த்து, "பேசுங்க," என்றார்.

அக்கா பேசினாள். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. தடுப்பைக் கழற்றச் சொல்லி மேனேஜர் எழுதிய குறிப்பைக் காட்டினாள். தடுப்பு இருந்த மூன்று வருஷத்தில் யாருக்கும் அடிபடவில்லை என்பதைக் கம்பெனி ஏட்டிலிருந்தே படித்தாள். எழுவாயும் பயனிலையும் சேர்ந்தே நின்றன. அன்று மாலையே உத்தரவு: தங்கச்சிக்கு முப்பது நாளுக்குள் வேலை, இயந்திரத்துக்குத் தடுப்பு.

நெறிமுறைக் குழுவில் அன்றே அவசரக் கூட்டம் போட்டார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. துணைத்தலைவரின் வாக்குமூலம் தீர்ப்பாயக் காகிதத்தில் ஏறிவிட்டதே, அதை எப்படி இறக்குவது? பத்தாம் நாள் அக்காவுக்குத் தடித்த உறை வந்தது. உள்ளே தங்க எழுத்தில் வக்கீல் உரிமம். கூடவே தலைவரின் கடிதம்: 'தங்களுக்கு உரிமம் ஏற்கெனவே வழங்கப்பட்டுவிட்டது. தங்களுக்குத்தான் தெரியவில்லை. ஆகவே மறுக்கப்பட்டது என்று யாரும் எங்கும் கூறியிருந்தால் அது நினைவுப்பிசகு.'

தங்கச்சி இடது கையால் சுவரில் ஆணி அடித்து முடித்துவிட்டாள். "குடு, மாட்டுவோம்."

அக்கா தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன மாதம் பதினான்காம் தேதி என்று போட்டிருந்தது.

"இதை வாங்கிக்கிட்டா நான் பதினாலாம் தேதியிலிருந்து வக்கீல். இருபத்தி மூணாம் தேதி அங்கே நின்னு 'வக்கீல் இல்லை'ன்னு சொன்னேன். வக்கீல்ங்கறதை மறைச்சு சொந்தக்காரின்னு நின்னவ ஆயிடுவேன். அவங்க அப்பீல் போவாங்க. உன் உத்தரவு காலி."

தங்கச்சி சுத்தியலைக் கீழே வைத்தாள். "ஏன் அக்கா, இவ்வளவு மூளையை அவங்க அந்தத் தேர்வை ஒழுங்கா நடத்தறதுக்குச் செலவழிச்சிருக்கலாமே?" அடித்த ஆணியைப் பார்த்தாள். "இப்போ என்ன பண்ணணும்?"

"திருப்பிக் குடுக்கணும்."

"நாலு வருஷப் படிப்பு."

"ஆமா."

இருவரும் சேர்ந்து போனார்கள். ஜன்னலில் அதே குமாஸ்தா. உரிமத்தையும், 'தேதி உண்மையல்ல, ஆகவே திருப்பித் தருகிறேன்' என்ற கடிதத்தையும் பார்த்ததும் அவருக்கு வியர்த்துவிட்டது.

"இருபத்தாறு வருஷமா இந்த ஜன்னல்ல இருக்கேன். குடுங்கன்னு வருவாங்க, ஏன் இன்னும் குடுக்கலைன்னு வருவாங்க. வாங்கிக்கோங்கன்னு வந்தது நீங்கதான். வாங்கறதுக்கு எங்ககிட்ட ஃபாரமே இல்லை."

"ஃபாரம் வேண்டாம். நகல்ல முத்திரை போடுங்க. இன்னிக்குத் தேதி."

அவர் உள்ளறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. "உங்ககிட்டேயிருந்து காகிதம் எதையும் வாங்கக்கூடாதுன்னு வாய்மொழி உத்தரவு," என்று மெதுவாகச் சொன்னார். தேதி முத்திரையைக் கையில் எடுத்தார். அது இன்னும் பதினான்கிலேயே நின்றது. சக்கரத்தைக் கட்டை விரலால் தள்ளினார், நகரவில்லை. மை இறுகிப்போயிருந்தது. தங்கச்சி ஜன்னல் வழியாக இடது கையை நீட்டி முத்திரையை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். அவர் பேனா முனையால் சக்கரத்தை நெம்பினார். அவளுடைய வலது கையை அப்போதுதான் கவனித்தார். சக்கரம் ஒவ்வொரு நாளாக நகர்ந்து அன்றைய தேதிக்கு வந்தது. ஓங்கி ஒரு முத்திரை குத்தினார். உள்ளே சிரிப்பு நின்றது.

கம்பெனி அப்பீல் போனது, வக்கீல் என்பதை மறைத்து நின்றாள் என்று. அக்கா அந்த நகலை நீட்டினாள். அப்பீல் தள்ளுபடி. தங்கச்சி வேலைக்குப் போனாள், தடுப்புப் போட்ட இயந்திரத்துக்கு. மணிக்கு நானூறு அட்டை. குமாஸ்தாவை, தேதி விஷயத்தில் அளவு கடந்த துல்லியம் காட்டியதற்காக, காற்றில்லாத கிடங்குக்கு மாற்றினார்கள். துணைத்தலைவர் தலைவரானார்.

அக்கா மறுபடி விண்ணப்பித்தாள். உரிமத்தைத் திருப்பிக் கொடுத்தவர் மீண்டும் தேர்வு எழுதக்கூடாது என்று சொல்ல அவர்களிடம் விதி எதுவும் இல்லை. அப்படி யாரும் செய்வார்கள் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

அந்த வருஷம் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதே கூடம். இரண்டரை மணி நேரம் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் கதவைச் சாத்தினார், விசிலை ஊதினார், பையில் கை விட்டார். அப்போது மூன்றாம் வரிசையில் அக்காவைப் பார்த்தார். பையில் விட்ட கை பையிலேயே இருந்தது. நானூற்றுப் பதினொரு பேரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தார்கள். அப்படி ஒரு பார்வையை அக்கா ஜென்மத்தில் கண்டதில்லை.

"எல்லாரும்..." மேற்பார்வையாளர் பையிலிருந்து வெறுங்கையை எடுத்தார். "எல்லாரும் அவங்கவங்களே எழுதுங்க."

பதினொரு பேர் தேறினார்கள். அக்கா அதில் ஒருத்தி. உரிமத்தில் இந்தத் தடவை தேதி சரியாக இருந்தது. தங்கச்சி அதைச் சுவரில் மாட்டிவிட்டு, கோணலாக இருக்கிறதா என்று நாலு தரம் பார்த்தாள்.

இளைய தலைமுறையின் நெறிமுறை ஒரே வருஷத்தில் இப்படிச் சரிந்துபோனது ஏன் என்று கண்டறிய, புதிய தலைவர் மூவர் குழு ஒன்றை அமைத்தார். ஆறு மாதம் ஆராய்ந்து அவர்கள் அறிக்கை கொடுத்தார்கள். நூற்று நாற்பது பக்கம். கடைசிப் பக்கத்தில் காரணம் ஒரே வரியில் இருந்தது: தேர்வறையில் அன்று நிலவிய அசாதாரணமான அமைதி.